சாட்சி இல்லாத வீரம்

பாராமகால் முதல் சிப்காட் வரை: வரலாற்றுத் தொடர் – 17

படைப்பணி ஊரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடப்பது. உழவர் பட்ட பாட்டை வயலே சொல்லிவிடும். சியாச்சின் பனியிலும் நாகாலாந்துக் காட்டிலும் ஒருவர் கழித்த பதினைந்து ஆண்டுகளை அவருடைய ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. திரும்பி வந்தவரின் பேச்சையும் அவர் பெட்டியில் உள்ள காகிதங்களையும் வைத்துத்தான் ஊர் அவரை மதிக்கிறது. படைப்பணி பற்றிய பொய்யும் மிகையும் அந்த இடைவெளியில்தான் இடம் பிடிக்கின்றன.

இவை மூன்று வகை. படையில் ஒரு நாள்கூட இல்லாதவர் இருந்ததாகச் சொல்வது முதல் வகை. உண்மையிலேயே பணியாற்றியவர், இல்லாத பதவியையும் போகாத போரையும் பெறாத பதக்கத்தையும் சேர்த்துச் சொல்வது இரண்டாவது. படைக்குள்ளேயே இருப்பவர்கள் ஆள் கணக்கையும் சாகசக் கணக்கையும் கூட்டி எழுதுவது மூன்றாவது. மூன்றுக்கும் வேர் ஒன்றே: மதிப்போ பணமோ பதவியோ கிடைக்கும் இடத்தில் சரிபார்க்கும் கண் இல்லாமல் போவது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இந்த வரலாற்றை ஒரே நிலத்தில் காட்டக்கூடியது. நடுகற்கள் செறிந்த பூமி இது. மைசூருக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் நடந்த போர்களில் கோட்டை கோட்டையாகக் கைமாறிய சீமையும் இதுவே. இன்று ஆயிரக்கணக்கான காவலர்கள் சீருடையுடன் ஆலை வாசல்களில் நிற்கும் தொழிற்பேட்டையாகவும் இருக்கிறது. படைவீரர் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு காலத்திலும் இங்கே ஒரு விலை இருந்தது. அந்த விலைக்கேற்ற சாட்சியத்தையும் ஒவ்வொரு காலமும் தேடியது.

ஊரே சாட்சி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிடைத்துள்ள நடுகற்கள் படைப்பணிக்கான மிகப் பழைய சான்றுகளில் அடங்கும். ஆநிரை கவர்ந்தவர்களை எதிர்த்து மாண்டவருக்கும், கவர்ந்த நிரையை மீட்டு மாண்டவருக்கும் ஊரார் கல் எடுத்தனர். கல்வெட்டுள்ள கற்களில் வாசகம் ஓர் ஒழுங்கில் அமைந்திருக்கும். அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். பின்பு அந்தப் பகுதித் தலைவனின் பெயர், வீரனின் பெயர், அவன் யாருடைய ஆள், எந்த ஊர்ப் பூசலில் எதற்காகப் பட்டான் என்ற விவரங்கள். இன்றைய படை ஆவணம் ஒன்றில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சில வரிகளில் விடை இருக்கிறது.

தொல்காப்பியம் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு துறைகளாக வகுக்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை எல்லாம் பலர் கூடிச் செய்தவை. பூசல் நடந்ததும் ஊரின் எல்லையில்தான். மாண்டவனை எல்லோருக்கும் தெரியும். அந்த நிலையில் இல்லாத வீரத்தைக் கல்லில் ஏற்றுவது எளிதல்ல. வேந்தர்களின் மெய்க்கீர்த்திகள் அப்படிப்பட்டவை அல்ல. தொலைதூர வெற்றிகளை அடுக்கிப் புகழ்பவை. வரலாற்றாசிரியர்கள் அவற்றை அப்படியே ஏற்காமல் பிற சான்றுகளோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துகின்றனர். போர்க்களம் ஊரை விட்டு விலக விலக, மிகைக்கான இடமும் கூடியது.

மஞ்சள் துணிக் கட்டு

சம்பளப் படைகள் பெருகியபோது பொய்யின் உருவம் மாறியது. ஆள் கணக்கை வைத்துப் பணம் கொடுக்கப்பட்டதால், இல்லாத ஆளும் இல்லாத குதிரையும் பேரேட்டில் ஏறின. டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குதிரைகளுக்குச் சூட்டுக்குறி இடவும், வீரர்களின் அங்க அடையாளங்களைப் பதிவு செய்யவும் உத்தரவிட்டார். ஒரே குதிரையை இரண்டு பேர் காட்டுவதும், படையைப் பார்வையிடும் நாளன்று நல்ல குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தி மறுநாள் மட்டக் குதிரையை மாற்றிவிடுவதும் நடந்ததைத் தடுப்பதே அதன் நோக்கம். அக்பரும் 1570களில் இதே முறையை மீண்டும் கொண்டுவந்தார். மன்சப்தார்கள் என்ற படை அதிகாரிகள் தங்கள் தகுதிக்குரிய குதிரைப்படையை வைத்திராமல், பார்வைக்காக ஆட்களை இரவல் வாங்கி நிறுத்தியதே அதற்குக் காரணம்.

தென்னாட்டில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, பின்னாளில் பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி வட்டாரத்தையும் ஓசூரையும் ஆண்ட ஐதர் அலியின் இளமைக் காலத்தைச் சேர்ந்தது. 1755இல் அவர் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, இருந்தார். பாளையக்காரர்களுடன் நடந்த மோதலுக்குப் பிறகு, காயமடைந்த வீரர்களுக்குப் பணம் வழங்க மைசூரிலிருந்து கணக்கதிகாரி ஒருவர் வந்தார். மார்க் வில்க்ஸ் எழுதிய தென்னிந்திய வரலாற்றின்படி, உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். அதிகாரியின் முன் நிறுத்தப்பட்டவர்களோ ஏறத்தாழ 700 பேர். காயமே படாத கைகளிலும் கால்களிலும் மஞ்சள் தோய்த்த துணியைக் கட்டி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். படை எண்ணிக்கையிலும் அதே கதை. எண்ணி முடிக்கப்பட்டவர்கள் சுற்றி வந்து மறுபடியும் வரிசையில் சேர்ந்துகொள்ள, 10,000 பேர் 18,000 பேராகக் கணக்கில் ஏறியதாக அவர் எழுதுகிறார்.

வில்க்ஸ் கும்பினியின் படை அதிகாரி. பின்னர் மைசூரில் அதன் பிரதிநிதியான ரெசிடெண்டாக இருந்தவர். தன் தரப்பின் பெரும் எதிரியைப் பற்றி அவர் எழுதியதை அந்த நினைவோடுதான் படிக்க வேண்டும். ஆயினும் அவர் விவரிக்கும் உத்தி அக்காலப் படைகளுக்குப் பொதுவானது. இங்கிலாந்தின் படைச் சட்டங்களிலும் பொய்ப் பார்வைக் கணக்குக் கொடுக்கும் அதிகாரிக்குப் பதவி பறிப்பு தண்டனையாக இருந்தது. கும்பினியின் அதிகாரிகளும் அந்த ஆசைக்கு அப்பாற்பட்டவர்களாக இருந்ததில்லை என்பதையே அந்த விதி காட்டுகிறது.

அந்த 67 பேரின் நிலைதான் இங்கு கவனிக்க வேண்டியது. உண்மையாக வெட்டுப்பட்ட ஒருவரையும் சும்மா துணி சுற்றிக்கொண்ட பத்துப் பேரையும் அதிகாரி ஒரே கண்ணால்தான் பார்த்திருப்பார். போலிகள் நிறைந்த வரிசையில் உண்மைக் காயத்துக்கும் தனி மதிப்பு இல்லாமல் போகிறது.

பேரேடும் பெருவிரலும்

1792இல் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் படை அதிகாரிகள். நிலத்தை அளந்து பேரேட்டில் ஏற்றிய அதே ஆட்சி, ஆளையும் பேரேட்டில் ஏற்றியது. சிப்பாயின் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, வயது, உயரம், உடலில் உள்ள தழும்பும் மச்சமும் அடையாளப் பட்டியலில் பதிவாயின. 1824இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் கும்பினி குதிரை வளர்ப்புப் பண்ணை ஒன்றைத் தொடங்கியது. இன்றும் அது மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இயங்குகிறது. குதிரையை அரசே வளர்த்துத் தரும் படையில், இரவல் குதிரையைக் காட்டிச் சம்பளம் வாங்கும் வழி அடைபட்டது.

ஆனால் ஓய்வூதியத்தில் புதிய ஓட்டை திறந்தது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்த பிறகும், அவர் பெயரில் வேறொருவர் வந்து பணத்தை வாங்கிப்போவது நடந்தது. எழுத்தறியாத முதியவர்கள் பலர் வரும் அலுவலகத்தில் முகத்தை மட்டும் வைத்து ஆளைப் பிரித்தறிய முடியவில்லை. வங்காளத்தின் ஹூக்ளியில் ஆட்சியராக இருந்த வில்லியம் ஹெர்ஷல், 1877இல் ஓய்வூதியதாரர்களிடம் கைரேகை வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். குற்றவாளிகளைப் பிடிக்கக் கைரேகையைப் பயன்படுத்துவதற்கு முன்பே, ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அது பயன்பட்டது. 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘ஜீவன் பிரமாண்’ முறையில் ஓய்வூதியதாரர்கள் இன்று விரல் வைத்து உயிர்வாழ் சான்று அளிப்பது அதே வழியின் தொடர்ச்சி.

காகிதம் எரிந்த இடத்தில்

பேரேடு இருக்கும் வரை பொய்க்கு எல்லை உண்டு. பேரேடே அழிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய தேசிய இராணுவத்தின் கதை சான்று. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு, மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் பெருந்திரளாக அந்தப் படையில் சேர்ந்தார்கள். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படைப்பிரிவில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். 1945இல் தோல்வி உறுதியானபோது ஆவணங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. உயிரோடு ஊர் திரும்பியவர்களிடம் நினைவு இருந்தது, காகிதம் இல்லை.

சுதந்திரத்தின் வெள்ளி விழா ஆண்டான 1972இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. 1980இல் அது விரிவாக்கப்பட்டு, வருமான வரம்பும் நீக்கப்பட்டது. பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் தகுதியாக வைக்கப்பட்டது. சிறை ஆவணம் கிடைக்காதவர்கள், உடன் சிறையில் இருந்தவர்களின் சான்றிதழைக் கொடுக்கலாம் என்ற வழியும் இருந்தது. உண்மையான போராளிகளுக்காகத் திறந்துவைத்த அந்த வாசலில் போலிகளும் நுழைந்தார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் பெருமளவில் போலி விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டதாகப் புகார் எழுந்து, விசாரணை நடந்தது. வழக்கு 2005இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

மறுபுறம் அதே நீதிமன்றம் 1993இல் முகுந்த்லால் பண்டாரி வழக்கிலும், 2001இல் குர்தியால் சிங் வழக்கிலும் வேறொரு எச்சரிக்கையை விடுத்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய தியாகத்துக்குக் குற்ற வழக்கில் கேட்பதுபோன்ற கடுமையான நிரூபணத்தைக் கேட்கக் கூடாது, தாமதமாக விண்ணப்பித்தார் என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. விதி இளகினால் போலி நுழைகிறான். இறுகினால் ரங்கூன் சிறையில் கிடந்த கிழவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் எழுந்தது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரத்தின் படை ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை பணிக் கோப்புகள் எரிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதில் அழிந்தது. அதன் பின், தன் கோப்பு தீயில் போய்விட்டது என்ற ஒற்றை வரி உண்மையான பல வீரர்களின் துயரமாகவும், பொய் சொல்பவர்களின் கேடயமாகவும் ஆனது.

பதக்கத்துக்காகப் பொய்

மூன்றாவது வகைப் பொய், படைக்குள்ளேயே பிறப்பது. 2003இல் அஸ்ஸாமில் சாதாரண மக்களைத் தரையில் படுக்க வைத்து, தக்காளிச் சாறு ஊற்றிப் படம் எடுத்து, கொல்லப்பட்ட தீவிரவாதிகள் என்று மேலிடத்துக்கு அனுப்பிய செயல் வெளியானது. சியாச்சினில் எதிரிகளைக் கொன்றதாகக் காட்டப்பட்ட காணொளிக் காட்சிகள் நடிக்கப்பட்டவை என்பதும் அடுத்த ஆண்டு தெரிந்தது. இரண்டிலும் நோக்கம் வீரப் பதக்கமும் பதவி உயர்வும். இராணுவ நீதிமன்றங்கள் நடவடிக்கை எடுத்தன. பணிக் காலத்தில் அலுவலக ஆவணத்தைப் பொய்யாக்குவதற்கு 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டம் 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகிறது.

கூட்டி எழுதுவது போலவே குறைத்து எழுதுவதும் பொய்தான். 1999 கார்கில் போரில் படாலிக் பகுதியில் 70ஆவது காலாட்படை பிரிகேடுக்குத் தலைமை வகித்த பிரிகேடியர் தேவிந்தர் சிங், தன் பங்கு ஆவணங்களில் சிதைக்கப்பட்டதாகப் படைத்துறைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார். 2010இல் தீர்ப்பாயம் அவருடைய மேலதிகாரி ஒருதலையாக நடந்துகொண்டதாகக் கண்டு, அறிக்கையைத் திருத்த உத்தரவிட்டது. ஒருவரின் கணக்கில் இல்லாத வீரம் ஏறும்போது, இன்னொருவரின் கணக்கிலிருந்து உண்மையான வீரம் கழிக்கப்படலாம் என்பதை இந்த வழக்கு நினைவூட்டுகிறது.

வெறும் பேச்சாகச் சொல்லப்படும் பொய்யைச் சட்டம் தண்டிக்கலாமா என்ற கேள்வியும் நீதிமன்றம் ஏறியது. கலிபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரிய உறுப்பினரான சேவியர் ஆல்வரெஸ், 2007இல் தன்னை 25 ஆண்டு பணியாற்றிய மரீன் படைவீரர் என்றும், அமெரிக்காவின் உயர்ந்த வீரப் பதக்கத்தைப் பெற்றவர் என்றும் கூட்டத்தில் அறிமுகப்படுத்திக்கொண்டார். இரண்டும் பொய். அவரைத் தண்டித்த சட்டத்தைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2013இல் வந்த புதிய சட்டம், பொய்யால் பணமோ வேறு பயனோ பெற முயல்வதை மட்டுமே குற்றமாக்கியது. இந்தியச் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டில் நிற்கிறது. திண்ணையில் அளக்கும் கதைக்குத் தண்டனை இல்லை. அந்தக் கதையைக் காட்டி வேலையோ கடனோ பணமோ பெற்றால் அது மோசடி.

ஆலை வாசலில்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் உருவானது. 1980ஐ ஒட்டி டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் ஆலைகளும், பின்னர் டைட்டனும் வந்தன. சுற்றிலும் நூற்றுக்கணக்கான சிறு, நடுத்தர ஆலைகள் முளைத்தன. ஒவ்வொரு வாசலுக்கும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் காவலர்கள் தேவைப்பட்டார்கள். விளம்பரங்களில் ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’ முன்னுரிமை என்ற வரி வழக்கமானது. படைப்பணிக்கு மாவட்டத்தின் அன்றாட வேலைச் சந்தையில் நேரடியான மதிப்பு ஏற்பட்டது இப்படித்தான்.

அந்த முன்னுரிமைக்குச் சட்டமே அடிப்படை. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னாள் காவல்துறையினருக்கும் வேலையில் முன்னுரிமை அளிக்கச் சொல்கிறது. அதன் கீழ் வந்த மத்திய மாதிரி விதிகளின்படி, சாதாரண ஆள் காவலராக வேண்டுமானால் 20 வேலை நாட்களுக்குக் குறையாமல், 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் பெற வேண்டும். முன்னாள் படைவீரருக்கு 7 நாட்களில் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும் போதும். படையில் இருந்ததாகச் சொல்லிவிட்டால் பயிற்சி குறைகிறது. நல்ல இடத்தில் நிறுத்தப்படவும், ‘கன்மேன்’ வேலை கிடைக்கவும் வாய்ப்புக் கூடுகிறது. பொய் சொல்லத் தூண்டுதல் இருப்பது இந்த வேறுபாட்டில்தான்.

கர்நாடக எல்லைப்புறம் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. முகமைக்கான உரிமம் மாநிலம்தோறும் தனித்தனி. அத்திப்பள்ளிக்கு அப்பால் உரிமம் பெற்ற முகமை, ஜூஜூவாடிக்கு இப்பால் ஆள் நிறுத்த வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் உரிமம் பெற வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசும் பல மாநிலத்தவர் வேலை தேடி வந்துபோகும் ஊரில், ஒருவரின் பழைய வாழ்க்கையை அறிந்த அண்டைவீட்டார் இருப்பதில்லை. நடுகல் எழுப்பிய ஊரின் சாட்சியம் இங்கே கிடைக்காது. காகிதத்தின் சாட்சியம் மட்டுமே மிச்சம்.

அந்தக் காகிதம், படையை விட்டு விலகும்போது கிடைக்கும் ‘டிஸ்சார்ஜ் புக்’. படை எண், பதவி, படைப்பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம், நன்னடத்தை மதிப்பீடு, அங்க அடையாளம், பெற்ற பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஓய்வூதியம் பெறுபவரிடம் ஓய்வூதிய ஆணையும் இருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அடையாள அட்டை வழங்கும். ஐயம் வந்தால் கேட்க வேண்டிய இடம் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. 1780இல் உருவான மெட்ராஸ் சாப்பர்ஸ் வழிவந்த மெட்ராஸ் பொறியாளர் பிரிவுக்கு அது ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில்தான். வீரப் பதக்கங்கள் இந்திய அரசிதழில் அறிவிக்கப்படுபவை. பரம்வீர் சக்கரம் இதுவரை 21 பேருக்கு மட்டுமே வழங்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு பெயரை யாரும் நுழைத்துவிட முடியாது.

முழுப் பொய்யை விட அரைப் பொய்யே சரிபார்ப்பில் அடிக்கடி சிக்குகிறது. மத்திய அரசின் வரையறைப்படி, தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணியாற்றி, விதிகளில் சொல்லப்பட்ட முறையில் விலகியவரே முன்னாள் படைவீரர். மத்திய ரிசர்வ் காவல்படை, எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை அந்த வரையறைக்குள் வருவதில்லை. பயிற்சி முடியும் முன்பே தன் விருப்பத்தில் வெளியேறியவருக்கும் அந்தத் தகுதி இல்லை. ஊர் வழக்கிலோ இவர்கள் எல்லோருமே ‘மிலிட்டரிக்காரர்’. ஊர் அன்போடு அழைக்கும் பெயரை விண்ணப்பப் படிவத்தில் தகுதியாக எழுதும்போது, இட ஒதுக்கீட்டில் வேறொருவருக்கு உரிய இடம் பறிபோகிறது. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை நினைத்தால் இதன் எடை விளங்கும்.

உடையும் கைப்பேசியும்

சீருடையே ஒரு சான்றாகப் பார்க்கப்படுவதால், அதை அணிவதையும் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தான் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தில் படைவீரரின் உடையையோ சின்னத்தையோ அணிவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவில் அபராதம் 500 ரூபாயாக இருந்தது. தனியார் காவலர் படை உடையையோ அதைப் போன்றதையோ அணிந்தால், பாதுகாப்பு முகமைச் சட்டத்தின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2022 ஜனவரி 15 அன்று அறிமுகமான தரைப்படையின் புதிய போர்ச் சீருடையின் வடிவம், கடைத்தெருவில் போலித் துணி விற்பதைத் தடுப்பதற்காகவே அறிவுசார் உரிமையாகப் பதிவு செய்யப்பட்டது.

அண்மை ஆண்டுகளில் மோசடி கைப்பேசிக்கு மாறியிருக்கிறது. பழைய வண்டி விற்கும் இணையதளங்களில் குறைந்த விலைக்கு ஸ்கூட்டர் ஒன்று விளம்பரமாகும். விற்பவர் தன்னை இராணுவத்தினர் என்பார். இடமாற்றல் வந்துவிட்டதால் அவசரமாக விற்பதாகச் சொல்வார். அடையாள அட்டையும் கேன்டீன் கார்டும் படமாக வரும். முன்பணம் போன பிறகு எண் அணைந்துவிடும். அந்த அட்டைப் படங்களில் பல, எங்கோ பணியிலிருக்கும் உண்மையான வீரர்களுடையவை. பறிபோனது ஒருவரின் பணம். கெட்டது இன்னொருவரின் பெயர்.

காலந்தோறும் சுமை விழுவது உண்மையான வீரர் மீதே. திண்டுக்கல்லில் அது அந்த 67 பேர் மீது விழுந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் முதியவர்கள் மீது விழுந்தது. இன்று சிப்காட் வாசலில் தன் டிஸ்சார்ஜ் புத்தகத்தை மூன்றாம் முறை எடுத்துக் காட்ட வேண்டிய ஓய்வுபெற்ற ஹவில்தார் மீது விழுகிறது. வேலைக்கு எடுப்பவர் சேர்க்கும் நாளிலேயே மூல ஆவணத்தைப் பார்த்து, நல அலுவலகத்திலும் ஆவண அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு உறுதி செய்தால், பிறகு அவரைச் சந்தேகிக்க வேண்டிய தேவை எழாது. எல்லோரிடமும் ஒரே முறையில் செய்யப்படும் சரிபார்ப்பு யாரையும் அவமதிப்பதில்லை. உண்மையாகப் பணியாற்றியவரின் பெயருக்கு அதுவே பாதுகாப்பு.